ஆணிமேல் போட்ட பழி

ஜனவரி 12

அன்புள்ள சுண்டெலிக்கு,

இங்கே நான், உன் அண்ணி, தினமும் என்னைத் திட்டாமல் கடை திறக்காத என் முதலாளி, எல்லாரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? கழுத்து வலி தேவலையா?

அண்ணனுக்கு என்ன வந்தது, கடிதமெல்லாம் எழுதுகிறான் என்று முழிப்பாய். என் போன் பட்டறையில் கீழே விழுந்தது. அதன் மேல் மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றும் விழுந்தது. புதிது வாங்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. அண்ணியின் போனில் கூப்பிடாதே, நீ கூப்பிடுகிற நேரத்தில் நான் பட்டறையில்தான் இருப்பேன். போனில் என்றால் நீ என்னைப் பேசவும் விடமாட்டாய்.

ஒரு சினிமா தியேட்டரின் இருநூறு நாற்காலிகள் வந்து குவிந்திருக்கின்றன. மேனேஜர் வந்து, "மேல் உறையை மட்டும் மாத்திக் கொடுங்க, போதும்" என்றார். ஒரு நாற்காலியைக் கிழித்துக் காட்டினேன். உள்ளே பஞ்சு தூள் தூளாகக் கொட்டியது. "மக்கின பஞ்சு மேல புது ரெக்சின் தைக்கிற ஆள் நான் இல்ல சார், வேற கடை பாருங்க" என்றேன். பஞ்சையும் மாற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். இடதுபக்கம் கீழே கடைவாய்ப் பல் இரண்டு ஆட்டம் கண்டு விழுந்துவிட்டன. தங்கை பல் செட் செய்கிறவளாக இருக்கும்போது அடுத்தவன் செய்த பல் என் வாயில் ஏறலாமா? சந்தைப் பக்கம் பல் கட்டுகிறவர் ஒருவர் அச்சு எடுத்துக் கொடுத்தார். பஞ்சு சுற்றி அனுப்பியிருக்கிறேன். நல்ல பஞ்சு.

உன் அண்ணன்

ஜனவரி 30

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். இருபது வருஷமாக ஊரார் பல்லைக் குனிந்து பார்ப்பவளின் கழுத்து எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. அண்ணிக்கு முழங்கால் எப்படி?

நீ பல் கட்டுகிறவரிடம் போனது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் டாக்டர் இல்லை. டாக்டர் சீட்டு இல்லாத வேலையை எங்கள் பல் செய்கிற கூடத்தில் தொடவே மாட்டோம். மேற்பார்வையாளர் கண்ணில் மண்ணைத் தூவி, மற்ற வேலைகளுக்கு நடுவே உன்னுடையதையும் செருகி முடித்தேன். அந்த மனுஷர் அச்சு எடுத்த லட்சணமும் சுமார்தான். எடுக்கும்போது காற்று புகுந்தால், அச்சுக்குள் நாங்கள் ஊற்றுகிற பிளாஸ்டரில் அந்த இடம் குமிழ் போலப் புடைத்து நிற்கும். உன் அச்சில் இடது உள்பக்கம் கடலைப் பருப்பு அளவுக்கு ஒன்று நின்றது. கத்தியால் சீவி மட்டமாக்கிவிட்டுத்தான் பல் பதிக்கிற தட்டு செய்தேன்.

தட்டை ராத்திரியில் கழற்றித் தண்ணீரில் போடு. அப்புறம், சொத்தை இல்லாத பல் நாற்பத்தேழு வயசில் ஏன் தானாக விழுகிறது? டாக்டரிடம் காட்டு. புகையிலையை விட்டுவிட்டாயா? போன வருஷம் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாய். தலை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

உன் சுண்டெலி

பிப்ரவரி 14

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். அண்ணியின் முழங்கால் அவளைவிட அதிகம் பேசுகிறது.

பல் வந்து சேர்ந்தது. கண்ணாடியில் பார்த்தேன், கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. ஆனால் இடது உள்பக்கம், நாக்கு ஓரமாக அழுத்துகிறது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். அப்படியும் போட்டால் லேசாக ரத்தம் கசிகிறது. உன் வேலையில் குறை சொல்ல மாட்டேன். அங்கே ஏற்கனவே ஓர் ஆணி கீறின புண் இருக்கிறது.

என் வேலை உனக்குத் தெரியாததா? வாய் நிறையச் சின்ன ஆணிகளைப் போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி, காந்தச் சுத்தியலால் கவ்வி அடிக்க வேண்டும். ஒரு கை துணியை இழுக்கும், மறு கை அடிக்கும், ஆணி எடுத்துக் கொடுப்பது வாய்தான். கீறாமல் இருந்தால்தான் அதிசயம்.

புகையிலை பற்றிக் கேட்டிருந்தாய். அதெல்லாம் பழைய கதை. தியேட்டர் வேலை பாதி முடிந்தது.

அண்ணன்

பிப்ரவரி 18

அண்ணா,

நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. உன் கடிதத்தை வேலைக்கு நடுவில் படித்தேன். வேலையை அப்படியே வைத்தேன். அலமாரியிலிருந்து உன் அச்சை எடுத்துப் பார்த்தேன். நான் குமிழ் என்று சீவிய இடமும், தட்டு அழுத்துகிறது என்று நீ சொல்லும் இடமும் ஒன்றுதான். அது காற்று இல்லை அண்ணா. அது உன் வாயில் இருக்கிற மேடு. இல்லாத வாய்க்கு நான் தட்டு செய்து அனுப்பியிருக்கிறேன்.

தட்டைப் போடாதே. நான் கேட்பதற்கு நேராகப் பதில் சொல். அந்தப் புண் எத்தனை வாரமாக இருக்கிறது? சுற்றிலும் வெள்ளையாகவோ சிவப்பாகவோ தோல் மாறியிருக்கிறதா? தொட்டால் கெட்டியாக இருக்கிறதா? காது வலிக்கிறதா? நாக்கை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறதா?

ஆணி கீறின புண் ஒரு வாரத்தில், மிஞ்சிப் போனால் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். அதற்கு மேலும் ஆறாத புண்ணை டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். இது நான் கண்டுபிடித்தது இல்லை. எங்கள் கூடத்துக்கு வேலை கொடுக்கிற ஒவ்வொரு டாக்டரும் சொல்வது. வலி இல்லை என்று சந்தோஷப்படாதே. ஆரம்பத்தில் அது வலிக்காது.

உடனே பதில் போடு.

சுண்டெலி

மார்ச் 15

அன்புத் தங்கைக்கு,

சுகம். உன் சுகத்துக்கு ஆசை.

பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம். நீ எதையோ நினைத்துக்கொண்டு ஊரைக் கூட்டுகிறாய். பிளாஸ்டரைப் பார்த்து வியாதி சொல்கிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். புண் கொஞ்ச நாளாக இருக்கிறது. அவ்வளவுதான். வாயில் தினமும் ஆணி போட்டால் புண் எப்படி ஆறும்?

எங்களுக்கு ஸ்பாஞ்ச் ஏற்றி வருகிற வண்டிக்காரரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "அதுல மட்டும் கத்தி படவே கூடாதுண்ணே. பட்டா ஒடம்பு பூரா பரவிடும். எங்க மச்சான் நல்லாத்தான் இருந்தாரு, ஆபரேஷன் பண்ணாங்க, ஆறே மாசம்" என்றார். அவர் நாலு ஊர் சுற்றுகிறவர்.

எனக்கு எதுவும் இல்லை. இருந்தாலும் எவன் கையிலும் என் நாக்கைக் கொடுக்க மாட்டேன். கடையில் வருகிறவர்களிடம் பேசி வேலை பிடிப்பது நான். நாக்குப் போனால் எனக்கு என்ன மிச்சம்? இந்தப் பேச்சை இதோடு விடு. அடுத்த கடிதத்தில் வேறு ஏதாவது எழுது.

அண்ணன்

மார்ச் 18

அண்ணா,

வேறு ஏதாவது எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

அன்றைக்கு உன் அச்சில் அந்த மேட்டைச் சீவும்போது கத்தி வழுக்கவில்லை. காற்றுக் குமிழ் உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். ஒரே சீவலில் தெறித்துப் போகும். இது சொரசொரவென்று இருந்தது. என் விரலுக்கு அது தெரிந்தது. மேசையில் இன்னும் எட்டு வேலைகள் காத்திருந்தன, அதோடு இது சீட்டு இல்லாத திருட்டு வேலை. சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று சீவித் தள்ளினேன். டாக்டர் சீட்டு கேட்டிருந்தால் நீ ஜனவரியிலேயே ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாய். பாசத்தில் சட்டத்தை மீறினேன், அது உன் தலையில் விடிந்திருக்கிறது. இதைச் சொல்லாமல் ஒரு மாசம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் சொல்லிவிட்டேன். நீ எப்போது சொல்லப் போகிறாய்?

வண்டிக்காரருடைய மச்சான் கத்தி பட்டதால் சாகவில்லை. கத்தியிடம் போக ரொம்பத் தாமதம் செய்ததால் செத்திருப்பார். சின்னதாக இருக்கும்போது போனவர்கள் பிழைத்து, எங்களிடம் பல் கட்டிக்கொண்டு, என்னையே அதட்டுகிறார்கள். முற்றிய பிறகு போனவர்கள் பல் கட்ட வருவதே இல்லை.

இந்தக் கடிதத்தோடு வருகிற பெட்டியில் நீளக் காம்பு வைத்த ஒரு குட்டிக் கண்ணாடி இருக்கிறது. வெளிச்சத்தில் நின்று, கன்னத்தை இழுத்துப் பிடித்து, நாக்கைத் தூக்கி, அடிப்பக்கம் ஓரம் எல்லாம் பார். ஊரில் யார் நாற்காலி வந்தாலும் கிழித்து உள்ளே பார்க்கிறவன், சொந்த வாயைத் திறந்து பார்க்கப் பயப்படுகிறாயா? மக்கின பஞ்சு மேல் புது ரெக்சின் தைக்கிற ஆள் இல்லை என்று பெருமை அடித்தாயே. என் தட்டை அந்தப் புண் மேல் மாட்டிக்கொண்டு நீ வேறு என்ன செய்தாய்?

பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று தோன்றினால் என் முகத்தில் நீ முழிக்கவே வேண்டாம். ஒத்துக்கொள்கிறேன்.

சுண்டெலி

ஏப்ரல் 6

சுண்டெலி,

நலமா என்று கேட்க எனக்கு இப்போது யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பார்த்தேன். மூன்று நாள் கண்ணாடியைத் தொடவில்லை. நாலாவது நாள் பட்டறை வாசல் வெளிச்சத்தில் நின்று பார்த்தேன். பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். முதலாளியிடம்கூடச் சொல்லவில்லை. சோதனைக்கு ஒரு துணுக்குச் சதை எடுத்தார்கள். வலி எறும்பு கடி அளவுதான். பத்து நாளில் முடிவு வந்தது. புற்றுநோய். ஈறில் ஆரம்பித்து நாக்கு ஓரத்தைத் தொட்டிருக்கிறது.

இனி ஒளிக்க மாட்டேன். புண் போன வருஷம் மழைக்காலத்திலிருந்து இருக்கிறது. பல் இரண்டும் அதனால்தான் ஆடின. அச்சு எடுத்தவர் அன்றைக்கே, "உள்ள தடிப்பா இருக்குங்க, எனக்கு நல்லாப் படல, டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றார். நீ திட்டிய ஆள் நல்லவர். புகையிலையை நான் ஒருநாளும் விடவில்லை. இடது கடைவாயில் அடக்கிக்கொள்வேன், சரியாக அதே இடம். டாக்டர் அம்மாவிடம் ஆணிக் கதையைச் சொன்னேன். "எத்தனை வருஷமா ஆணி போடறீங்க?" என்றார். முப்பது. "புகையிலை?" இருபது. "ஆணி மேல பழி போடாதீங்க. ஆணி கீறும், ஆறிடும். இது புகையிலை பண்ணின வேலை" என்றார்.

மூன்று வாரத்தில் ஆபரேஷன். தாடையின் ஓரம், நாக்கின் இடது விளிம்பு, கழுத்தில் உள்ள நெறிக்கட்டிகள் எல்லாம் எடுப்பார்களாம். பிறகு கதிர்வீச்சு வைப்பார்கள். "பேச்சு?" என்று கேட்டேன். "மாறும். போகாது. நீங்க விடாம பேசினா" என்றார்.

நீ சீவிய மேட்டுக்காக அழாதே. பிளாஸ்டரைத்தான் சீவினாய். நிஜத்தை நான் ஆறு மாசம் வாய்க்குள் வைத்து வளர்த்தேன். எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. புகையிலைப் பொட்டலத்தைக் கிழித்துச் சாக்கடையில் கொட்டினேன். என்னைத் தின்ன வந்ததை நான் சும்மா விடப்போவதில்லை.

அண்ணன்

ஏப்ரல் 9

அண்ணா,

லீவு போட்டாயிற்று. பதினாலு மணி நேரப் பயணம், புதன்கிழமை அங்கே இருப்பேன். அண்ணியிடம் பயப்பட வேண்டாம் என்று சொல். சொல்லிவிட்டு நீயும் பயப்படாதே.

கதிர் வைப்பதற்கு முன்னால் பல் டாக்டரிடம் எல்லாப் பல்லையும் காட்டச் சொல்வார்கள். அதற்கும் நீ தகராறு செய்யாதே. கெட்ட பல்லை முன்னாலேயே எடுத்துவிட வேண்டும்.

என் வேலையை ஒளித்துச் செய்ததை மேற்பார்வையாளரிடம் நானே சொல்லிவிட்டேன். ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது சுவரில் ஒரு அட்டை எழுதி மாட்டியிருக்கிறார்: வழவழப்பாக இல்லாத மேட்டைச் சீவாதே, டாக்டரைக் கேள்.

சுண்டெலி

மே 6

சுண்டெலி,

நீ கிளம்பிப் போன மறுநாள் மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். அண்ணி, நான், கட்டில் எல்லாரும் சுகம். கழுத்து வலி மட்டும் இப்போது எனக்கு, அதில் உன்னை ஜெயித்துவிட்டேன்.

முன்கையிலிருந்து தோலும் சதையும் எடுத்து வாய்க்குள் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் இல்லையா. கண்ணாடியில் பார்த்தேன். என்ன ஒரு தையல்! முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், மூலை மடிப்பை இவ்வளவு நேர்த்தியாக நான் முடித்ததில்லை. கை முடி இனிமேல் வாய்க்குள் முளைத்தாலும் முளைக்குமாம். வாய்க்குள் மீசை வைத்த ஒரே அண்ணன் உனக்குத்தான்.

பேச வரவில்லை. சிலேட்டு இருக்கிறது. போதும்.

அண்ணன்

ஆகஸ்ட் 12

அன்புள்ள அண்ணா,

உடம்பு எப்படி? தொண்டை எரிச்சல் குறைந்ததா? கதிர் முடிந்ததற்கு அப்புறம் வாய் காய்ந்துகொண்டே இருக்கும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி. எச்சில் குறைந்தால் பல் சீக்கிரம் சொத்தையாகும், அதனால் மெதுவான பிரஷால் இரண்டு வேளையும் துலக்கு.

மூன்று மாசமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அண்ணிதான் எல்லாம் சொன்னார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், "இவரால பேச முடியும், பேசத்தான் மாட்டேங்கறார்" என்கிறாளாம். அவள் எதிரில் மட்டும் நாலு வார்த்தை, வீட்டுக்கு வந்தால் சிலேட்டு. யாராவது கதவைத் தட்டினால் உள்ளே போய்விடுகிறாயாம்.

இன்னொன்றும் சொன்னார்கள். அலமாரியைத் துடைக்கும்போது, உன் போன் துணிக்கு அடியில் இருந்ததாம். ஒரு கீறல்கூட இல்லையாம். அதன் மேல் எந்தச் சோபாவும் விழவில்லை, இல்லையா? ஜனவரியிலேயே உனக்கு நாக்குக் குழறியிருக்கிறது. போனில் பேசினால் என் காது கண்டுபிடித்துவிடும் என்று கடிதத்துக்குள் போய் ஒளிந்துகொண்டாய். நானும் அண்ணன் ஆசையாக எழுதுகிறான் என்று அவற்றைக் கட்டி வைத்தேன்.

அன்றைக்குப் புண்ணை மறைத்தாய். இன்றைக்குக் குரலை மறைக்கிறாய். இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஊரில் யார் உன் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள் என்று ஒரு பட்டியல் போட்டு அனுப்பு. ஒவ்வொருவராக நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

சுண்டெலி

செப்டம்பர் 28

என் சுண்டெலிக்கு,

நான் நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம். போன வாரம் டாக்டர் அம்மா வாயைப் பார்த்து, "சுத்தமா இருக்கு. ஆனா மாசா மாசம் தவறாம வந்துடணும்" என்றார். அண்ணி ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு, என்னையும் திட்டிவிட்டு வந்தாள்.

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் கொதித்தேன். மூன்றாம் நாள் சிலேட்டை அலமாரியில் வைத்துவிட்டேன், போன் இருந்த இடத்தில்.

பட்டறைக்குத் திரும்பப் போக ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. முதல் நாள் முதலாளி, "நீங்க பின்னாடி ஷெட்ல உக்காந்து தைங்க, கஸ்டமரை நான் பாத்துக்கறேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் என் ஸ்டூலை இழுத்து முன்வாசலில் போட்டு உட்கார்ந்தேன். வாயில் ஆணி இல்லை. அவை இப்போது ஸ்டூல் பக்கத்தில், கிண்ணம் ஒன்றில் இருக்கின்றன. வேகம் பாதிதான். பரவாயில்லை.

யார் வந்தார் தெரியுமா? அதே தியேட்டர் மேனேஜர், பால்கனி நாற்காலிகளோடு. அதே பாட்டு: "மேல் உறை மட்டும் போதும்." ஒன்றைக் கிழித்தேன். "மக்கின பஞ்சு மேல புது ரெக்சின் தைக்கிற ஆள் நான் இல்ல சார்" என்றேன். என்ன சத்தம் வந்ததோ, மனுஷன் முதலாளி முகத்தைப் பார்த்தார். முதலாளி எனக்காகச் சொல்ல வாயெடுத்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். இரண்டாம் தடவை சொன்னேன். எச்சில் ஒழுகியது, துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவையும் சொன்னேன். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு நின்றது. "பஞ்சும் மாத்தணும்னு சொல்றீங்க" என்றார் மேனேஜர். ஆமாம் என்றேன். வேலை நமக்குத்தான்.

ஸ்பாஞ்ச் வண்டிக்காரர் வந்தபோது, உன் கண்ணாடியை எடுத்துக்கொண்டு எதிரில் நின்றேன். "எனக்கு என்னண்ணே" என்று நழுவப் பார்த்தார். "வாயைத் திற" என்றேன். அது முதல் தடவையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு படலம். கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். இன்னும் ஒன்றும் ஆகிவிடவில்லை, புகையிலையை விட வேண்டும், அடிக்கடி வந்து காட்ட வேண்டும் என்றார்கள். பட்டறையில் மற்றவர்கள் இப்போது என்னைக் கண்டாலே வாயை மூடிக்கொள்கிறார்கள். விடுவேனா?

இதுதான் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம். பதறாதே. எழுத்துக்குள் ஒளிந்தது போதும். போனைச் சார்ஜ் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடுவேன். உன் செல்லப் பெயரில் முதல் எழுத்து எனக்கு இனி வராதாம், பயிற்சிப் பெண் சொல்கிறாள். நான் கூப்பிடுவது வேறு யாரையோ போலக் கேட்கும். உன்னைத்தான். புரியவில்லை என்றால் புரிந்த மாதிரி உம் கொட்டாதே. என்ன சொன்னாய் என்று கேள், திரும்பச் சொல்வேன். நீ அலுத்துப்போகிறவரை சொல்வேன்.

பத்து மணிக்குப் போன் பக்கத்தில் இரு.

உன் அண்ணன்